விலாசம் தவறிய நீலச் சிலந்தி

1899இல் ஒரு சிலந்திக்குப் பெயர் வைத்தார்கள். அதன் பிறகு 102 ஆண்டுகள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. 2001இல் மறுபடி கண்ணில் பட்டபோது அது முதலில் கிடைத்த ஊரில் இல்லை. அங்கிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி, வேறொரு காட்டில் இருந்தது. ஆனால் உலகம் முழுக்க இன்றும் அந்த முதல் ஊரின் பெயரைச் சொல்லித்தான் அதை அழைக்கிறார்கள், விற்கிறார்கள், வாங்குகிறார்கள்.

பேச்சே இல்லை என்றால் அறிவியல் ஏடுகளில் இல்லை என்று பொருள். அது திரும்பக் கிடைத்த காடு ஆந்திரத்தின் நல்லமலை. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் செஞ்சு மக்கள் கண்ணிலும், அங்கே விறகுக்குப் போனவர்கள் கண்ணிலும் அது படாமலா இருந்திருக்கும்? அவர்களிடம் போய் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஏன் கேட்கவில்லை என்பதில்தான் இந்த வழக்கு தொடங்குகிறது. கேட்க வேண்டிய ஊர் எது என்பதைப் பெயர்ச்சீட்டு தப்பாகச் சொல்லியிருந்தது.

லண்டனில் ஒரு பெயர்

சிலந்தியின் அறிவியல் பெயர் பீசிலோதீரியா மெட்டாலிக்கா. பெயர் வைத்தவர் ரெஜினால்ட் இன்னஸ் போகாக் என்ற ஆங்கிலேயர். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சிலந்தி, தேள், பூரான் வகையறாவுக்குப் பொறுப்பாக இருந்தவர். பிற்பாடு லண்டன் விலங்குக் காட்சிசாலையின் கண்காணிப்பாளரானார். பிரிட்டிஷ் இந்தியாவின் எட்டுக்காலிகளைப் பற்றி அவர் எழுதி 1900இல் வந்த தொகுதியை இன்றும் நம் ஊர் ஆய்வாளர்கள் ஒதுக்கிவிட முடியாது.

அந்தக் காலத்து வேலை முறை இப்படி. ரயில்வே அதிகாரியோ, காட்டிலாகாக்காரரோ, மருத்துவரோ, மிஷனரியோ, யாராவது ஒருவர் ஒரு பூச்சியைப் பிடிப்பார். சாராயப் புட்டியில் போட்டு, கிடைத்த இடத்தை ஒரு சீட்டில் எழுதிக் கப்பலேற்றுவார். மாதங்கள் கழித்து லண்டனில் ஒருவர் மூடியைத் திறப்பார். விலங்கு கையில் இருக்கும், காடு இருக்காது. காட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் சீட்டில் இருக்கும் ஒன்றிரண்டு சொற்கள்தான்.

போகாக் மேசைக்கு வந்த சிலந்தி ஒன்றே ஒன்று. கிடைத்த இடம் கூட்டி. சென்னையிலிருந்து மும்பைக்குப் போகும் ரயில் பாதையில், ஆந்திரத்தின் அனந்தபூர் வட்டாரத்தில், பாறைக்குன்றின் மேல் பழைய கோட்டை நிற்கும் ஊர். தெலுங்கில் குத்தி, வெள்ளைக்காரர் எழுத்துக்கூட்டலில் கூட்டியாகிவிட்டது. அங்கே ரயில்வே மரக்கிடங்கில் சிலந்தி பிடிபட்டது.

ரயில்வே மரக்கிடங்கு என்ற அந்த இரண்டு சொற்களும் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும்.

பெயர் என்ன சொல்கிறது

முதலில் குடும்பப் பெயரைப் போன்ற முன்பாதி. பீசிலோதீரியா என்ற பேரினப் பெயரை 1885இல் உருவாக்கியவர் பிரெஞ்சுக்காரரான யூஜின் சிமோன். கிரேக்கத்தில் பொய்கிலோஸ் என்றால் புள்ளியும் பட்டையுமாகப் பலநிறம் கொண்டது. தீரியோன் என்றால் காட்டு விலங்கு. உடல் முழுக்கச் சாம்பலும் கறுப்பும் வெள்ளையும் கலந்து மரப்பட்டையில் ஓவியம் தீட்டியதுபோல் இருக்கும் இந்தச் சிலந்திகளுக்கு அது ஒட்டிப்போகிறது. சிங்களத்தில் இவற்றைத் திவி மகுளுவா என்கிறார்கள். திவி என்றால் சிறுத்தை, மகுளுவா என்றால் சிலந்தி. பாரிசில் கிரேக்க அகராதியைப் புரட்டியவரும் இலங்கைக் கிராமத்தில் கூரையை அண்ணாந்து பார்த்தவரும் ஒரே இடத்தில் வந்து நின்றிருக்கிறார்கள்.

சிமோன் இதற்குப் புதுப்பெயர் தேட நேர்ந்ததற்கும் ஒரு கதை உண்டு. அதற்கு முன் ஜெர்மானியரான கோச் இதே சிலந்திகளுக்கு ஸ்கரியா என்று பெயர் வைத்திருந்தார். ஆனால் அந்தப் பெயரை 1847இலேயே ஒரு கடல்நத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. விலங்குலகில் ஒரே பேரினப் பெயர் இரண்டு விலங்குகளுக்கு இருக்கக் கூடாது. முந்திய நத்தைக்கு உரிமை, பிந்திய சிலந்திக்குப் புதுப்பெயர்.

இந்த முந்துரிமைச் சட்டத்தில் சிலந்திகளுக்கு மட்டும் ஒரு சலுகை இருப்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். விலங்குகளின் இரட்டைப் பெயர்க் கணக்கு, அந்த முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் 1758ஆம் ஆண்டு நூலிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முந்தைய பெயர்கள் செல்லாது. ஒரே ஒரு விதிவிலக்கு, ஸ்வீடனின் கார்ல் கிளெர்க் 1757இல் வெளியிட்ட சிலந்தி நூல். நூல் அத்தனை நன்றாக இருந்ததால் அதைத் தள்ள மனமில்லாமல், அதுவும் 1758 ஜனவரி 1 அன்று வந்ததாகவே கொள்வோம் என்று விதியில் எழுதிவிட்டார்கள். விலங்கியலின் சட்டப்புத்தகத்துக்குள் இப்படி ஒரு செல்லப்பிள்ளை.

இனி பின்பாதி. போகாக் இந்தப் பேரினத்தில் வைத்த பெயர்களை வரிசையாகப் படித்தால் ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரியும். ரெகாலிஸ் என்றால் அரசருக்குரியது. ஃபார்மோசா, வடிவானது. ஆர்னாட்டா, அலங்கரிக்கப்பட்டது. மிராண்டா, வியக்கத்தக்கது. புட்டியில் செத்துக் கிடந்த சிலந்தியைப் பார்த்து இத்தனை மயங்கியவர் உயிரோடு பார்த்திருந்தால் என்ன ஆகியிருப்பாரோ! அழகாகத்தான் இருக்கின்றன பெயர்கள். ஆனால் அரசருக்குரியதையும் வடிவானதையும் வியக்கத்தக்கதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. பாராட்டு இருக்கிறது, அடையாளம் இல்லை.

மெட்டாலிக்கா மட்டும் அப்படியில்லை. உலோகம் போன்றது. இந்தப் பேரினத்தில் மற்றவை சாம்பலும் கறுப்புமாக இருக்க, இது ஒன்றுதான் உடம்பெல்லாம் மின்னும் நீலம். காலை அகட்டினால் 15 முதல் 20 சென்டிமீட்டர். அந்த நீலம் சாயம் அல்ல. மயிர்களின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடித்து உண்டாக்கும் நிறம் அது. டரான்டுலா எனப்படும் இத்தகைய பெருஞ்சிலந்திகளின் குடும்பத்தில் நீலம் குறைந்தது எட்டு முறையாவது தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. நிறத்தைச் சரியாகப் பார்க்கும் கண் இந்தச் சிலந்திகளுக்கு இல்லை என்றே நெடுநாள் நினைத்தார்கள். யாருக்காக இந்த நீலம் என்பது தனி விவாதம். பெயரைப் பொறுத்தவரை போகாக்கின் சொல் பொய்க்கவில்லை. 125 ஆண்டு கழித்தும் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு சிலந்தியை அடையாளம் காணலாம்.

முழுப்பெயரை எழுதும்போது பெயரிட்டவரையும் ஆண்டையும் சேர்ப்பார்கள்: பீசிலோதீரியா மெட்டாலிக்கா போகாக், 1899. இதே பேரினத்தின் மூத்த உறுப்பினர் இலங்கையின் பீசிலோதீரியா ஃபேசியாட்டா (லாட்ரெய், 1804). அங்கே அடைப்புக்குறி இருக்கிறது, இங்கே இல்லை. லாட்ரெய் அதை வேறு பேரினத்தில் வைத்துப் பெயரிட்டார், பிறகு இடம் மாற்றப்பட்டது என்பதற்கு அந்த அடைப்புக்குறிதான் சாட்சி. பெயர்ப்பலகையில் இனிஷியலைப் பார்த்தே அப்பா பெயரை ஊகிப்பதுபோல, இந்தச் சிறு குறிகளில் ஒரு சிலந்தியின் குடும்ப வரலாறு தெரியும்.

ஆனால் பிறந்த ஊர் தெரியாது. மெட்டாலிக்கா என்ற சொல்லில் குத்தியும் இல்லை, வேறெந்த ஊரும் இல்லை. அறிவியல் பெயர் அந்தப் பழிக்கு ஆளாகாமல் தப்பித்துக்கொண்டது.

ரயில் சுமந்து வந்தது

பீசிலோதீரியாக்கள் மரத்தில் வாழ்பவை. உயர்ந்த மரங்களின் பொந்திலும் பட்டை இடுக்கிலும் நூலால் உறை பின்னிப் பகல் முழுக்க உள்ளே பதுங்கியிருக்கும். இருட்டிய பிறகு வாயிலில் வந்து காத்திருக்கும். மரத்தை வெட்டினாலும் சட்டென்று வெளியே வராது. பொந்துள்ள அடிமரத்தை வண்டியில் ஏற்றினால் சிலந்தியும் டிக்கெட் இல்லாமல் பயணம் போகும்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென்னிந்திய ரயில் பாதைகளுக்கு மரம் அள்ள அள்ளத் தேவைப்பட்டது. தண்டவாளத்துக்கு அடியில் சிலீப்பர் கட்டை, பாலத்துக்கும் கட்டடத்துக்கும் உத்தரம், எரிக்க விறகு. நந்தியாலிலிருந்து கித்தலூர் வழியாக நல்லமலையைக் குறுக்கே கடக்கும் பாதை அந்தக் காலத்தில்தான் போடப்பட்டது. 2001இல் நீலச் சிலந்தி திரும்பக் கிடைத்ததும் அதே நந்தியால், கித்தலூர் இடையிலான காப்புக்காட்டில்தான். குத்தியின் கிடங்குக்கு மரத்தோடு ரயிலில் வந்து இறங்கியிருக்கும் என்பதே இன்று ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். அந்தப் பயணத்தை நேரில் பார்த்த சாட்சி கிடையாது. ஆனால் மரப்பொந்துச் சிலந்தி, மரக்கிடங்கு, காட்டிலிருந்து வரும் பாதை என மூன்றும் சேர்ந்தால் வேறு விளக்கம் தேட வேண்டிய அவசியம் எனக்குத் தோன்றவில்லை.

போகாக்கின் சீட்டுகளில் இது ஒன்று மட்டும் ரயிலடி அல்ல. ரெகாலிஸ் முதலில் கிடைத்த இடம் நம்முடைய அரக்கோணம். அரக்கோணம் என்றவுடன் ஜங்ஷன் ஞாபகம் வராத தமிழர் உண்டா? ஆனால் ரெகாலிஸுக்கு அதனால் சேதம் ஏதுமில்லை. கிழக்கு மலைகளிலும் மேற்கு மலைகளிலும் பரவலாக இருக்கும் சிலந்தி அது. எந்த ஊர்ச் சீட்டு ஒட்டினாலும் ஓரளவு பொருந்தும். ஒரே ஒரு காட்டுத்துண்டில் வாழும் உயிருக்குத்தான் தப்பான சீட்டு ஆபத்து. 102 ஆண்டுகளில் யாராவது மெட்டாலிக்காவைத் தேட நினைத்திருந்தால் கையில் இருந்த ஒரே துப்பு குத்தி. அந்தக் காய்ந்த பாறை நிலத்தில் எத்தனை முறை தேடினாலும் கிடைத்திருக்காது.

திரும்பக் கிடைத்தபோது நிலைமை நன்றாக இல்லை. 2008இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிக அருகிய இனம் என்று வகைப்படுத்தியது. 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பு. அதுவும் மரம் வெட்டி, விறகு எடுத்துச் சிதைந்த காடு. சுற்றியுள்ள காடுகளில் தேடியும் அப்போது கிடைக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இருப்பிடம் தெரிந்திருந்தால் காடு பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். தெரிந்த காடுகளையே நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்று பார்க்கிறோமே. ஆனால் எவ்வளவு இருந்தது, எவ்வளவு போயிற்று என்ற கணக்காவது கையில் இருந்திருக்கும். இன்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய கணக்குகூட இல்லை.

சந்தையில் ஒரு பெயர், பட்டியலில் ஒரு பெயர்

வளர்ப்புச் சந்தைக்கு மெட்டாலிக்கா பிடித்துப் போனதில் வியப்பில்லை. கூட்டி சஃபையர் என்று பெயர் சூட்டினார்கள். ஊர்ப் பெயரோடு நீலக்கல்லைச் சேர்த்தால் நகைக்கடை விளம்பரம் தயார். ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஒன்று 500 டாலருக்கும் மேல் போனது. கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யப் பழகியபின் எளிதாகக் கிடைக்கிறது. நல்லமலையில் அருகிப் போனது, அயல்நாட்டு அலமாரிகளில் பெருகிக் கிடக்கிறது.

பொதுப்பெயருக்கு அறிவியல் பெயரைப் போல் சட்டம் கிடையாது. யாரும் வைக்கலாம், யாரும் மாற்றலாம். நிலைப்பது எது என்பதைச் சந்தைதான் தீர்மானிக்கும். 2004இல் சஞ்சய் மோலூரும் மஞ்சு சிலிவாலும் தெற்காசியாவின் இந்தப் பெருஞ்சிலந்திகளுக்குப் பொதுப்பெயர்ப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து இயங்கும் விலங்குக்காட்சிசாலை விழிப்புணர்வு அமைப்பின் இதழில் வந்தது அது. இந்தியாவில் பீசிலோதீரியாக்களுக்குப் பாராசூட் சிலந்தி என்று பெயர் உண்டு. மரத்திலிருந்து எட்டுக் காலையும் விரித்துப் பாயும் தோற்றத்தால் வந்த பெயர். அந்த வழக்கில் மெட்டாலிக்கா மயில் பாராசூட் சிலந்தி ஆகிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது. நீலமும் தெரிகிறது, இந்திய மணமும் இருக்கிறது, தப்பான ஊர் போய்விடுகிறது. ஆனால் பாதுகாப்பு ஆவணங்களைத் தாண்டி அது பெரிதாகப் பரவவில்லை. சந்தை இன்னமும் கூட்டி என்றே சொல்கிறது.

பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு: சாலெபுருகு. தெலுங்கு தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். சாலெ என்றால் நெசவாளர் (நம் சாலியர் என்பதும் அதே வேர்), புருகு என்றால் பூச்சி. சாலெபுருகு என்றால் வெறும் சிலந்தி! வீட்டு மூலையில் ஒட்டடை கட்டுவதும் சாலெபுருகுதான், மெட்டாலிக்காவும் சாலெபுருகுதான். உள்ளூரில் இதற்கு என்ன பெயர் என்று யாரோ கேட்டிருக்க வேண்டும். கேட்கப்பட்டவர் பொறுமையாகச் சிலந்தி என்று சொல்லியிருக்க வேண்டும். அது அப்படியே உலகப் பட்டியலில் ஏறிவிட்டது என்பது என் ஊகம். குத்தி சீட்டும் இதுவும் ஒரே ரகம். பதில் தப்பில்லை. எந்தக் கேள்விக்கு வந்த பதில் என்பதைப் பார்க்காமல் எழுதிவைத்ததுதான் தப்பு.

கோயில் வாசலில் ஒன்று

இதே பேரினத்தில் நேர்மாறான வழக்கு ஒன்று ராமேஸ்வரத்தில் இருக்கிறது. ஆண்ட்ரூ ஸ்மித் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 2004இல் பெயரிட்ட சிலந்தி, பீசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா. ராமேஸ்வரத் தீவில் ஹனுமவிலாசம் கோயில் வளாகத்தில் கிடைத்ததால் அந்தப் பெயர். கோயில் பெயரை எடுத்து, லத்தீனில் உரியது என்று பொருள் தரும் விகுதியை ஒட்டிவிட்டார். உலகச் சிலந்திகளில் இப்போது 50,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் இருக்கிறது. அவற்றில் விலாசம் என்ற சொல்லையே உடலில் சுமந்து திரியும் இனம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. கோயில் பெயரில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு என்றாலும், தமிழ்க் காதுக்கு அது முகவரிதான்.

இங்கே விலாசம் சரி. ரயில் ஏறி வந்ததல்ல. கோயிலைச் சுற்றிய மரங்களிலேயே வாழ்ந்தது. தீவிலும் எதிர்க்கரையில் ராமநாதபுரக் கடலோரத் தோப்புகளிலும், புளியமரப் பொந்துகளில் பின்பு கண்டார்கள். இதையும் 2008இல் மிக அருகிய இனமாக அறிவித்தார்கள். கோயிலைச் சேர்ந்த மரம் என்பதால் கோடரிக்குத் தப்பியவை எத்தனையோ. அந்தப் பட்டியலில் இந்தச் சிலந்தியின் வீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் சரியான விலாசமும் முழு விலாசம் ஆகிவிடாது. 2015இல் இதே இனம் இலங்கையின் மன்னாரில் இருப்பதாக ரணில் நாணயக்கார குழுவினர் பதிவுசெய்தார்கள். ராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் நடுவே கிடப்பது ராமர் பாலத்தின் மணல் திட்டுகள். கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் அந்த இடம் தரையாக இருந்தது. இரு கரைக்கும் பொதுவான உயிர்கள் பல உண்டு. எல்லைக் கோடுகள் வருவதற்கு முன்பே இரண்டு பக்கமும் குடியிருந்த சிலந்திக்கு ஒரு பக்கத்துக் கோயிலின் பெயர் வாய்த்திருக்கிறது. அதை மாற்றவும் வழியில்லை. பொருத்தமில்லை என்ற காரணத்துக்காக ஒரு பெயரைத் தள்ள முடியாது என்று பெயரீட்டு விதிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. நல்ல விதி என்றுதான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் புது இடத்தில் ஒன்று கிடைக்கும்போதெல்லாம் புதுப்பெயர் வைத்துக்கொண்டிருப்பார்கள். நூறாண்டு ஆவணங்கள் ஒன்றோடொன்று பேசாமல் போகும்.

மாங்குளத்து ராஜா

மூன்றாவது வழக்கில் ஊர்ப் பெயருமில்லை, நிறமுமில்லை, ஆள் பெயர். 2009இல் இலங்கையின் போர் முடிந்த சில மாதங்களில், வடக்கே கிராமத்து மக்கள் அடித்துக் கொன்ற ஓர் ஆண் சிலந்தி அதே நாணயக்கார குழுவின் கைக்கு வந்தது. இதுவரை பார்த்தவற்றோடு அது ஒத்துப்போகவில்லை. முன்னங்கால்களின் அடியில் மஞ்சள் குறிகள், வயிற்றடியில் இளஞ்சிவப்புப் பட்டை. வன்னியில் தேடத் தொடங்கினார்கள். கண்ணிவெடியும் காவல் சோதனையுமாக இருந்த காலம். கடைசியில் பெண் சிலந்திகளும் குஞ்சுகளும் கிடைத்த இடங்களில் ஒன்று மாங்குளம் மருத்துவமனையின் பழைய மருத்துவர் விடுதி.

காடு அழிந்ததால் பழைய கட்டடங்களுக்கு வந்துவிட்டது என்பது குழுவின் விளக்கம். எப்படியானாலும் இடத்தை வைத்துப் பெயரிட்டிருந்தால் இதுவும் குத்தியின் கதைதான் ஆகியிருக்கும். மரச்சிலந்திக்கு ஆஸ்பத்திரிப் பெயர் வந்திருக்கும். 2012 டிசம்பரில் வெளியான பெயர் பீசிலோதீரியா ராஜேயி. போர்ப் பகுதியில் குழுவோடு கூடவே வந்து வழிகாட்டிய காவல்துறை அதிகாரி ஒருவரின் பெயரிலிருந்து எடுத்தது. அடுத்த ஆண்டு உலகச் செய்தித்தாள்கள் முகத்தளவு பெரிய சிலந்தி என்று அலறின. பெயர் யாருடையது என்பதை நின்று கவனித்தவர் குறைவு.

ஆள் பெயரைப் பற்றி எனக்கு இரண்டு மனம். சிலந்தியைப் பற்றி அது எதுவும் சொல்லாது என்பதால் பொய் சொல்லவும் அதால் முடியாது. பணக்காரர்களையும் பிரபலங்களையும் குளிர்விக்கப் பெயரை விற்கும் காலத்தில், கண்ணிவெடிப் பாதையில் உடன் நடந்தவருக்கு அது போய்ச் சேர்ந்தது நியாயம்தான். ஆனால் பின்னாளில் ஒருவர் அந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மரத்தையோ நிறத்தையோ ஊரையோ கண்டுபிடிக்க முடியாது. போகாக்கின் ரெகாலிஸிலும் அரசர் இருக்கிறார், இங்கேயும் ராஜா இருக்கிறார். இரண்டாலும் சிலந்தியை அடையாளம் காண முடியாது.

சீட்டில் என்ன எழுதுவது

மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எனக்குப் பட்டது இது. நிறமா ஊரா ஆளா என்ற சண்டை இரண்டாம் பட்சம். சிக்கல் பெயரில் இல்லை, சீட்டில் இருக்கிறது. கிடைத்த இடம் என்று எழுதியதை வாழும் இடம் என்று படித்துவிடுகிறோம். குத்தியில் இந்த இரண்டுக்கும் இடையே 100 கிலோமீட்டர் தண்டவாளம் இருந்தது. ராமேஸ்வரத்தில் இரண்டும் ஒன்று. மாங்குளத்தில் நடுவே ஓர் அழிந்த காடு.

இன்று புது இனத்தை விவரிப்பவர்கள் அட்சரேகை தீர்க்கரேகை எழுதுகிறார்கள், என்ன மரம், தரையிலிருந்து எத்தனை உயரம் என்றும் சேர்க்கிறார்கள். போகாக்கின் புட்டியில் இந்த விவரத்தில் பாதி இருந்திருந்தால் போதும். ஆனால் இவ்வளவு துல்லியமாக எழுதினால் அதையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு சிலந்தி பிடிக்க ஆட்கள் போகிறார்கள். விலைபோகும் இனங்களின் சரியான இடத்தை மறைத்து மாவட்டப் பெயரோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் அதனால்தான் வந்தது. அந்த வகையில் பார்த்தால் ஹனுமவிலாசுமிகா மறைக்கவே முடியாத விலாசம்; பெயரைச் சொன்னால் கோயில் வாசல் வரை வந்துவிடலாம். குத்தியின் தப்பான சீட்டு மெட்டாலிக்காவை விஞ்ஞானிகளிடமிருந்து மட்டுமல்ல, திருடர்களிடமிருந்தும் நூறாண்டு மறைத்துவைத்தது என்று ஒருவர் வாதாடலாம். வாதம் கெட்டிக்காரத்தனமானது, ஆனால் நான் ஏற்க மாட்டேன். விறகுக்கு வெட்டியவனிடமிருந்து அது எதையும் மறைக்கவில்லை.

2019இல் அருகிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் பீசிலோதீரியா பேரினம் முழுவதையும் சேர்த்தார்கள். எது அரசருக்குரியது, எது உலோக நீலம், எது கோயிலைச் சேர்ந்தது என்று இனம் இனமாகப் பிரிக்கவில்லை. குஞ்சுப் பருவத்தில் இவற்றைப் பிரித்துச் சொல்ல நிபுணர்களே திணறுவார்கள். சுங்கச் சோதனையில் நிற்பவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

இதற்கிடையில் செஞ்சிக்குப் பக்கத்தில் பக்கமலைக் காப்புக்காட்டில் மயில் பாராசூட் சிலந்தியைக் கண்டதாகச் சில ஆண்டுகளுக்கு முன் செய்தி வந்தது. நந்தியாலிலிருந்து தெற்கே வெகுதூரம், ஆனால் அதே கிழக்கு மலைத்தொடர். அது உறுதிப்பட்டால் ஒரே காடு, 100 சதுர கிலோமீட்டர் என்ற கணக்கைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். அதற்கு ஒரு நிழற்படம் போதாது. எந்த மரத்தில், எந்தப் பொந்தில், ஒன்றா பலவா, குஞ்சுகள் உண்டா என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் மரக்கிடங்கு ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது.